சாதா போதும்

பொத்தான்காரர் வீட்டு ஆண்கள் கழுத்துப் பொத்தானை அவிழ்ப்பதில்லை. வெயில் மண்டையைப் பிளந்தாலும் சரி, சோறு தொண்டையில் சிக்கிக் கண் பிதுங்கினாலும் சரி, அது பூட்டியே இருக்கும். தாத்தா தொடங்கிய தொழிற்சாலையில் இன்றும் சட்டைப் பொத்தான்தான் அடிக்கிறார்கள். அந்தக் குடும்பம் யாரிடமும் பேரம் பேசியதில்லை. "இதைவிட ஒசத்தி ஒண்ணு இருக்கு" என்று கடைக்காரன் சொன்ன பிறகு, கையில் இருப்பதை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியதும் இல்லை. கடைசியாக எதைக் காட்டுகிறானோ அதுதான் வாங்கப்படும். ஊரில் எல்லாக் கடைக்காரர்களுக்கும் இது தெரியும். அவர்கள் எல்லாரும் நன்றாக இருந்தார்கள்.

அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தும் ஜிப் செய்யப் போனவர் ஒருவர் உண்டு. பொத்தான்காரரின் சித்தப்பா மகன். ஒரே இழுப்பில் வாயைப் பிளக்கிற ஒரு பொருளைச் செய்து விற்றுக்கொண்டு ஒரு மனிதன் எப்படித் தலை நிமிர்ந்து நடக்கிறான் என்பது பொத்தான்காரருக்கு விளங்கவேயில்லை. அந்த ஜிப்புக்காரர் ஒரு நாள் சிவப்பு நிறத்தில் ஒரு பந்தயக் கார் வாங்கிக்கொண்டு வந்து, பொத்தான் வீட்டு வாசலில் நிறுத்தி, நிற்கும்போதே உறும விட்டார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து இருக்கையில் ஜிப்புக்காரரின் தம்பி, இரண்டு ஊன்றுகோல்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏணியிலிருந்து விழுந்துவிட்டாராம். எந்த ஏணி என்று யாரும் கேட்கவில்லை.

"என்ன அண்ணா, அப்படிப் பாக்கறீங்க? நீங்களும் ஒண்ணு எடுக்கலாமே," என்றார் ஜிப்புக்காரர். "உங்களுக்குச் சாதாவே போதும். சாதா கூட நல்லாத்தான் இருக்கும்."

பொத்தான்காரர் உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்தார்.

கார் நிறுவனத்தில் தேனொழுகப் பேசிய பெண் நாள் குறித்துக் கொடுத்தாள். "வரும்போது கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க சார். ரத்த சொந்தமா இருக்கலாம், சம்பந்தம் செஞ்ச சொந்தமா இருக்கலாம். கொஞ்சம் ஆரோக்கியமானவரா இருந்தா நல்லது," என்றாள். காரணம் கேட்பது கௌரவமாக இராது என்று அவர் கேட்கவில்லை.

கூடப் போக மைத்துனர் ஒப்புக்கொண்டார். மனைவியின் தம்பி. கோட்டு தைப்பதில் பேர் போன தையல்காரர். துணியை அவர் விரல் தொட்டால் துணியே மடிந்து கொடுக்கும் என்பார்கள். அத்தானும் மைத்துனரும் பழகிய வருஷமெல்லாம் ஒருவருக்கொருவர் "நீங்க, வாங்க" என்றே பேசிக்கொண்டவர்கள். பொத்தான் சரியில்லை என்று மைத்துனரும், தையல் சரியில்லை என்று அத்தானும் மனசுக்குள் மட்டும் வைத்துக்கொண்டவர்கள்.

மனைவி தொழிற்சாலையில் சோதனைப் பிரிவைப் பார்க்கிறவள். இடுப்பு ஏப்ரன் பையில் எப்போதும் ஒரு சின்னச் சுத்தியல் கிடக்கும். ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு பிடிப் பொத்தானை அள்ளிப் பட்டறைக் கல்லில் பரப்பி அடித்துப் பார்ப்பாள். உடைந்தால் மூட்டையே வெளியே போகும்.

"என்னங்க," என்றாள் வாசலில். "வண்டி எந்த நிறத்துல வேணா வரட்டும். என் தம்பி போன நிறத்துலயே திரும்பி வரணும். அவன் விரலை நம்பி ஒரு குடும்பமே இருக்கு."

"கார் பாக்கத்தானே போறோம், என்னமோ சண்டைக்குப் போற மாதிரி சொல்றே," என்றார் பொத்தான்காரர்.

நிறுவனம் அனுப்பிய வண்டி அவர்களைக் கொண்டுபோய் இறக்கிய கட்டடம் வெளியே பார்க்க நீதிமன்றம் போலவும் உள்ளே பார்க்க ஆஸ்பத்திரி போலவும் இருந்தது. பளிங்குத் தரை நடுவை நோக்கி லேசாகச் சாய்ந்து, நடுவில் பித்தளைச் சல்லடை போட்ட ஒரு வடிகால். உயர்ந்த இடங்களில் எல்லாமே ஒரு காரணத்தோடுதான் செய்திருப்பார்கள் என்று பொத்தான்காரர் நினைத்துக்கொண்டார். அது சரிதான்.

கிளைத் தலைவர் வாசற்படி வரை இறங்கி வந்தார். வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கையுறை. பொத்தான்காரரின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துப் பொத்திக்கொண்டார்.

"இந்தப் படி வரைக்கும்தான் சார் நீங்க வாடிக்கையாளர். படியைத் தாண்டிட்டா நீங்க எங்க குடும்பம். நாங்க கார் விக்கறவங்க இல்ல. உங்க கூடப் பொறந்தவங்க." சொல்லிவிட்டு அவர் கையை விடாமலே உள்ளே நடத்திக்கொண்டு போனார். மைத்துனர் பின்னால் வரவேற்பு மேசை வரை வந்தார்.

மேசைப் பெண் நிமிர்ந்தாள். "வாசல்லேர்ந்து சார்கூட நடந்து வந்தது யாரு?"

"நான்தான்," என்றார் மைத்துனர் பெருமையாக.

அவள் எழுந்து வந்து அவர் நெஞ்சில் 'உடன் வந்தவர்' என்ற பித்தளை வில்லையை அழுத்தினாள். ஊசி சட்டையைத் தாண்டி உள்ளேயும் போயிற்று. மைத்துனர் ஒரு கணம் மூச்சை இழுத்தார். "இதை நாங்களே நெனச்சாலும் கழட்ட முடியாது சார். வண்டி வெளிய போனதும் தானா கழண்டுக்கும்," என்றாள் அவள், வாழ்த்துச் சொல்வதைப் போல.

மண்டபத்தின் சுவரில் நிறுவனரின் ஆளுயரப் படம். இடது கை தோளோடு இல்லை. அதன் கீழே ஊழியர்கள் இரண்டு வரிசையாக நின்றார்கள். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், உண்மையைச் சொல்லிடறேன். எங்க சாதா வண்டியே அதே வேகம் போகும். கதவு மூடும். பிரேக் போட்டா நிக்கும். ஆனா வண்டிக்காகவா ஒருத்தர் இங்க வர்றாரு? தேர்ந்தெடுக்கத்தானே வர்றாரு! ஒவ்வொண்ணும் எங்ககிட்ட மூணு தரத்துல இருக்கு. பரிசோதிக்காம விக்கறது துரோகம். வாங்கறவர் மேல பரிசோதிச்சுப் பாக்கலாம்னா, வாங்கறவர் எங்க தெய்வம், அவர் மேல ஒரு கீறல் படக்கூடாது. ஊழியர் மேல பாக்கலாம்னா தொழிலாளர் சட்டம்னு ஒண்ணு குறுக்க வந்து நிக்குது. அதனாலதான் உடன் வந்தவர். அவருக்குன்னு ஒரு சட்டமும் இல்ல. நாங்களும் தேடிப் பாத்துட்டோம்."

ஊழியர்கள் சிரித்தார்கள். பொத்தான்காரரும் மரியாதைக்குச் சிரித்து வைத்தார்.

"போதும்னு தோணினா நீங்களோ அவரோ 'சாதா போதும்'னு ரெண்டே வார்த்தை சொன்னாப் போதும், எல்லாத்தையும் நிறுத்திடுவோம். மண்டபத்து விளக்கைக் குறைச்சு, எல்லாரும் முதுகைத் திருப்பிக்கிட்டு நிப்போம். நீங்க பின்வாசல் வழியா போகலாம்." தலைவர் குரலைத் தாழ்த்தினார். "இதுவரைக்கும் யாரும் அப்படிப் போனதில்ல. உங்க சித்தப்பா மகன்கூடக் கடைசி வரைக்கும் நின்னாரு."

அந்தப் பேச்சோடு பின்வாசல் பூட்டப்பட்டதாகவே வைத்துக்கொள்ளலாம்.

முதலில் கதவு. ஒரு மேடையில் கதவை மட்டும் தனியாகப் பொருத்தி வைத்திருந்தார்கள். "கதவு மூடுற சத்தத்துலதான் சார் ஒரு குடும்பத்தோட தரம் தெரியும். சாதா இருக்கு, கம்பீரம் இருக்கு. அதுக்கும் மேல ராஜகம்பீரம் இருக்கு."

"கடைசியா சொன்னதையே போடுங்க," என்றார் பொத்தான்காரர். அந்த வாய்க்கு வேறு எதுவும் சொல்லத் தெரியாது.

ஊழியர்கள் கை தட்டினார்கள். இருவர் வந்து மைத்துனரின் இடது கையைப் பக்குவமாகப் பிடித்து, கதவு வந்து சேரும் இடத்தில் விரல்களை வரிசையாக வைத்தார்கள்.

"சத்தத்தைக் காதால கேட்டுடலாம்," என்றார் தலைவர். "அழுத்தத்தை விரல்தான் சொல்லணும்."

கதவு மூடியது. உண்மையிலேயே நல்ல சத்தம். கனத்த, ஆழமான சத்தம். அதற்குள்ளேயே காய்ந்த சுள்ளி முறிவது போல இன்னொரு சின்னச் சத்தமும் கேட்டது. கதவைத் திறந்தபோது மைத்துனரின் நடுவிரலும் மோதிர விரலும் புறங்கைப் பக்கமாகத் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

பொத்தான்காரர் மைத்துனர் முகத்தைப் பார்த்தார். 'நீ சொல்லேன்' என்று கண்ணால் கெஞ்சினார். மைத்துனரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவைக் கொடுத்த வீட்டில், தையல்காரன் முதல் கதவிலேயே சாதா என்று சொல்லிவிட்டான் என்று பேச்சு வந்தால் அக்கா எந்த விசேஷத்துக்குப் போய்த் தலை நிமிர்வாள்?

"நல்லா இருக்கு அத்தான்," என்றார் மைத்துனர், பல்லைக் கடித்துக்கொண்டு. "தடிமனான சத்தம்."

"விரல் எப்படி இருக்கு மச்சான்?"

"எந்த விரலைக் கேக்கறீங்க?"

"வேணும்னா சொல்லுங்க மச்சான். நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

"எனக்கென்ன அத்தான். நீங்க நிதானமா பாருங்க. உங்களுக்கு முடியலேன்னா சொல்லுங்க. நானும் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

இதற்கு மேல் நல்ல குடும்பத்தில் பிறந்த இரண்டு பேர் என்ன பேசிக்கொள்ள முடியும்?

அடுத்தது விபத்து நேரத்தில் முகத்தைக் காக்கிற காற்றுப்பை. சாதா, அணைப்பு, பேரணைப்பு. பேரணைப்பு போதும் என்றார் பொத்தான்காரர். மைத்துனரை ஒரு ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்தார்கள். தலைவர் ஒரு விசையை அமுக்கினார். பீரங்கி வெடித்ததைப் போல ஒரு வெள்ளை மூட்டை புறப்பட்டு வந்து மைத்துனரின் முகத்தை அணைத்தது. அணைப்பு விலகியபோது மூக்கு இடது கன்னத்தின் மேல் சாய்ந்து படுத்திருந்தது. முன்பல் ஒன்று பளிங்கில் உருண்டு, சாய்வில் இறங்கி, வடிகாலின் சல்லடையில் போய் நின்றது. அதற்காகத்தான் அந்தச் சாய்வு.

"தாய் மடி மாதிரி இருந்திருக்குமே சார்?" என்று மைத்துனரைக் கேட்டார் தலைவர்.

"என் அம்மா இந்த அளவுக்குப் பாசமா இருந்ததில்ல," என்றார் மைத்துனர், வாயிலிருந்து குமிழ் விட்டபடி.

கைதட்டல் அடங்குவதற்குள் நிறத்துக்குப் போனார்கள். சிவப்பு என்று சொல்லத்தான் பொத்தான்காரர் வாயெடுத்தார். சிவப்பிலும் மூன்று தரம் இருந்தது. மூன்றாவதன் பெயர் குலச்சிவப்பு. "கடையில வாங்கற சாயம் ஒரு மழைக்கு மங்கிடும் சார். இது உங்க உறவோட சிவப்பு, தலைமுறைக்கும் நிக்கும்," என்று சொல்லிக்கொண்டே வண்ணப் பிரிவுக்காரர் மைத்துனரின் சட்டை முன்புறத்தில் ஒரு தகட்டை ஒற்றி எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "கொஞ்சம் வெளுப்பு. பயந்துட்டாரு போல. இன்னும் ஆழத்துலேர்ந்து எடுக்கணும்."

"யாருய்யா பயந்தது?" என்று மைத்துனர் நல்ல கையால் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முழங்கையை நீட்டினார். "எவ்வளவு ஆழம் வேணுமோ எடுத்துக்க!"

எடுத்துக்கொண்டார்கள். குலச்சிவப்பு நன்றாக வந்தது. அந்த அளவு ரத்தம் ஒரு தையல்காரருக்குள் இருக்குமென்று பொத்தான்காரர் எதிர்பார்க்கவில்லை. மைத்துனரின் முகம் வீட்டிலிருந்து கிளம்பிய நிறத்தில் இல்லை என்பதும், அந்த நிறம் முழுவதும் இப்போது ஒரு வாளியில் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்தது. வாசலில் மனைவி சொன்னது காதுக்குள் கேட்டது. அவர் கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பூட்டியிருந்தது.

பிறகு இருக்கை. உட்கார்ந்தவர் உடம்பைப் பிடித்துக்கொள்கிற இருக்கை. அதிலும் ஒசந்த தரம் எலும்பு வரைக்கும் அளவெடுக்கும் என்றார்கள். அளவெடுத்தது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாகச் சொடுக்குப் போட்டன. "மூச்சு விட்டா மட்டும் வலிக்குது அத்தான், மத்தபடி சொகுசு," என்றார் மைத்துனர். ஹாரனுக்கு வந்தபோது, உயர்ந்த தரம் உடன் வந்தவரின் சொந்தக் குரல் என்று தெரிந்தது. பதிவுக் கருவியை முன்னால் வைத்துவிட்டு, இடுக்கியால் அவர் கால் கட்டைவிரல் நகத்தைப் பிடித்தார்கள். மைத்துனர் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு நகம். வாயைத் திறக்கவில்லை. பதிவுக்காரருக்கு வியர்த்துவிட்டது.

"சார், கொஞ்சம் ஒத்துழைக்கச் சொல்லுங்க சார்," என்று பொத்தான்காரரிடம் கெஞ்சினார் தலைவர். "வீம்பு பிடிச்சா வண்டிக்குக் குரல் எப்படி வரும்?"

"மச்சான், ஒரு தடவை கத்திடுங்களேன்," என்றார் பொத்தான்காரர் தழுதழுத்து.

"எங்க வீட்ல யாரும் கத்தினதில்ல அத்தான்," என்றார் மைத்துனர். சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் விழுந்து, சாய்வில் கொஞ்ச தூரம் வழுக்கி, வடிகால் அருகே மயங்கிக் கிடந்தார்.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். "உடன் வந்தவர் தீர்ந்துட்டார். பரவாயில்ல, இது சகஜம்தான். இன்னும் பிரேக் பாக்கி இருக்கு சார். வீட்டுக்குப் போன் பண்ணி இன்னொருத்தரை வரச்சொல்றோம்."

பொத்தான்காரர் தரையில் மண்டியிட்டு மைத்துனரின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஊழியர் ஒருவர் அவருக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். தேநீரில் சர்க்கரை மூன்று தரத்தில் இருந்தது.

தேநீர் ஆறுவதற்குள் அவர் மனைவி வந்துவிட்டாள். ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. நிறுவனத்தின் வண்டியிலிருந்து இறங்கியவள் வாசற்படியிலேயே நின்று, கண்ணாடிக் கதவு வழியே உள்ளே கிடந்த தம்பியைப் பார்த்தாள். பிறகு தம்பியின் தலையைத் தாங்கிக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தாள். கத்தவில்லை, அழவில்லை.

தலைவர் படியிறங்கிப் போய் நடந்ததையெல்லாம் அழகாக விளக்கினார். "இது வலி இல்லம்மா, பங்களிப்பு," என்றார். "எங்க வண்டிங்க ஒவ்வொண்ணுலயும் ஒரு உறவு ஓடுது."

"நிறுத்தணும்னா என்ன செய்யணும்?" என்று கேட்டாள் அவள்.

"வாங்கறவரோ உடன் வந்தவரோ ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும்மா."

அவள் வாசலில் நின்றபடியே குரல் கொடுத்தாள். "என்னங்க. சொல்லிடுங்க."

பொத்தான்காரர் வாயைத் திறந்தார். மைத்துனரின் மூக்கிலிருந்து வழிந்தது அவருடைய வேட்டியை நனைத்துக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தார். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நாக்கு நுனியில் தாத்தா உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் அப்பா. தொண்டையில் ஜிப்புக்காரரின் சிரிப்பு. வரிசையாக நிற்கும் ஊழியர்கள் இப்போதே பாதி முதுகைத் திருப்பத் தயாராகிவிட்டார்கள். "சா..." என்றார். அப்புறம் இருமினார்.

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். தம்பிக்காகக் காத்திருந்தாளா, இவருக்காகவா என்று சொல்வது கஷ்டம்.

"சரி," என்று தலைவரிடம் திரும்பினாள். "வண்டியை என் பேர்ல மாத்துங்க. நான் எடுத்துக்கறேன்."

தலைவர் முகம் மலர்ந்தது. உடனே சடங்கை முதலிலிருந்து தொடங்கினார். அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் பொத்திக்கொண்டார். "இந்தப் படி வரைக்கும்தான் நீங்க வாடிக்கையாளர். படியைத் தாண்டிட்டா நாங்க கார் விக்கறவங்க இல்ல, உங்க கூடப் பொறந்தவங்க," என்று சொல்லி, கையை விடாமல் உள்ளே நடத்திக்கொண்டு வந்தார்.

மேசைப் பெண் நிமிர்ந்தாள். "வாசல்லேர்ந்து மேடம்கூட நடந்து வந்தது யாரு?"

"இவருதான்," என்றாள் அவள், தலைவரைக் காட்டி. "கூடப் பொறந்தவராம்."

மேசைப் பெண்ணுக்கு அவளுடைய வேலையில் கைப்பழக்கம் அதிகம், யோசிக்கிற பழக்கம் குறைவு. எழுந்து வந்து தலைவரின் வெள்ளைக் கோட்டில் பித்தளை வில்லையை அழுத்தினாள். ஊசி வழக்கம்போல உள்ளே போயிற்று.

தலைவர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். "ஏய், கழட்டு இதை!"

"கழட்ட முடியாது சார்," என்றாள் அவள் பழகிய வாக்கில். "வண்டி வெளிய போனதும் தானா கழண்டுக்கும்."

"ஊழியர் மேல பரிசோதிக்கக் கூடாது, சட்டம் இருக்கு!"

"ஊழியரா?" என்றாள் மனைவி. "நீங்க விக்கறவர் இல்லேன்னு இப்பத்தானே சொன்னீங்க. உறவுன்னு சொன்னீங்க. உறவுக்குச் சட்டம் கிடையாதுன்னும் நீங்கதான் சொன்னீங்களாம்." அவள் கோட்டின் கைப்பகுதியைப் பிடித்து மேடைக்கு இழுத்தாள். "முதல்ல கதவு. எனக்கு ராஜகம்பீரம் போடுங்க."

ஊழியர்கள் கை தட்டினார்கள். வாங்குபவர் உயர்ந்த தரத்தைக் கேட்டால் கை தட்ட வேண்டும் என்பதுதான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. இரண்டு பேர் வந்து தலைவரின் விரல்களை வரிசையாக வைத்தார்கள். வைத்த பக்குவத்தில் குறையொன்றும் இல்லை. சொல்லப்போனால், வழக்கத்தைவிட ஆர்வமாகவே வைத்தார்கள்.

தலைவர் சுவரில் இருந்த நிறுவனரின் படத்தைப் பார்த்தார். ஊழியர்களைப் பார்த்தார். அந்த இரண்டு வார்த்தையைச் சொன்ன அதிகாரி மறுநாள் வடிகால் கழுவும் பிரிவில் நிற்பான் என்று விதி எழுதியவரே அவர்தான். வாயை இறுக மூடிக்கொண்டார். கதவும் மூடியது.

பேரணைப்பு அவரையும் பேதமில்லாமல் அணைத்தது. அவருடைய பல் மைத்துனருடைய பல்லின் பக்கத்திலேயே போய்ச் சேர்ந்தது. குலச்சிவப்புக்கு ஆழமாக எடுத்துப் பார்த்த வண்ணப் பிரிவுக்காரர், இது மைத்துனரைவிட வெளுப்பு என்று மறைக்காமல் சொன்னார். இருக்கை எலும்பு வரைக்கும் அளவெடுத்தது. ஹாரனுக்கு இடுக்கியோடு வந்தவரை மனைவி கையமர்த்தினாள். "அது எதுக்கு? என்கிட்டயே இருக்கு," என்று ஏப்ரன் பையிலிருந்து சுத்தியலை எடுத்து, தலைவரின் பூட்ஸைக் கழற்றச் சொல்லி, பொத்தானை அடித்துப் பார்க்கிற அதே நிதானத்தோடு ஒரு தடவை அடித்தாள்.

தலைவர் கத்தினார். அவர் வீட்டில் அந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை போலும். மண்டபத்து விளக்குகள் ஆடின. பதிவுக்காரருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "இந்த மாதிரி ஒரு குரல் இத்தனை வருஷத்துல கெடச்சதில்லம்மா," என்றார்.

கட்டடத்தின் பின்னால் பிரேக் பாதை. நீளமான தார்ச்சாலை, கடைசியில் ஒரு சுவர், சுவரின் முன்னால் வெள்ளை வட்டம். தலைவரை வட்டத்தில் நிற்க வைத்தார்கள். தானாக நிற்க முடியாததால் சுவரில் வாரால் கட்டினார்கள். "மூணாவது தரம் எப்படி நிக்கும்?" என்று கேட்டாள் மனைவி. "கோட்டுப் பொத்தானைத் தொட்டுட்டு நிக்கும் மேடம், கோட்டைத் தொடாது," என்றார்கள்.

தொழிற்சாலையின் சரக்கு வேனை ஓட்டிப் பழகிய கால் அவளுடையது. கார் சீறிக்கொண்டு போனது. பொத்தான்காரர் கண்ணை மூடிக்கொண்டார். டயர்கள் அலறின. அதற்குப் பிறகு ஒரு மெல்லிய 'டப்'.

அவள் இறங்கிப் போய்த் தலைவரின் மார்பில் இரண்டாகப் பிளந்து தொங்கிய பொத்தானைத் திருப்பிப் பார்த்தாள். "இது நம்ம பொத்தான் இல்ல," என்றாள். "நம்மது உடையாது."

தலைவர் மூச்சுக்குத் திணறியபடி, ஆனால் தோற்காத முகத்தோடு, கட்டிலேயே நிமிர்ந்தார். "ஆக... எல்லாமே... மூணாவது தரம்தானேம்மா? எழுதிக்கச் சொல்லட்டுமா?"

"எல்லாம் பாத்தாச்சு," என்றாள் அவள், சுத்தியலை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு. "உடைச்சுப் பாக்காம நான் எதையும் எடுக்கறதில்ல. எல்லாமே நல்லா இருக்கு. சாதா போதும்."

கடைத்தெருவில் கீரை வாங்குகிறவள் சொல்வது போலச் சொன்னாள். வானம் இடிந்து விழவில்லை. ஊழியர்கள் திடுக்கிட்டு, பிறகு ஞாபகம் வந்து, ஒவ்வொருவராக முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். பின்பக்கக் கண்ணாடி வழியே பாதையில் விழுந்துகொண்டிருந்த மண்டபத்து வெளிச்சத்தைக் குறைத்தார்கள். "நல்லதாப் போச்சு, கண்ணு கூசிக்கிட்டிருந்துச்சு," என்றாள் அவள்.

"சாதாவா?" என்று சுவரிலிருந்து ஒரு குரல் உடைந்தது. "அப்ப நான் பட்டது?"

"பங்களிப்பு," என்றாள் அவள்.

சாதா வண்டிகள் பின்வாசல் கிடங்கில் தூசி படிந்து ஏராளமாக நின்றன. யாரும் கேட்டதில்லை என்பதால் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்தாள். மயக்கம் தெளிந்த மைத்துனரைப் பொத்தான்காரரும் அவளுமாகத் தாங்கிக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். கதவைப் பொத்தான்காரர்தான் மூடினார். சாதாச் சத்தம். நன்றாகவே மூடிக்கொண்டது. வண்டி இன்னும் வெளியே போகாததால் மைத்துனரின் நெஞ்சிலிருந்த வில்லை மட்டும் கழலவில்லை.

"அத்தான்," என்றார் மைத்துனர் வீங்கிய உதட்டோடு. "நான் சொல்லல. பாத்தீங்களா?"

"பாத்தேன் மச்சான்."

"நீங்களும் சொல்லல."

"ஆமா," என்றார் பொத்தான்காரர். அந்த ஒரு நொடி இரண்டு குடும்பமும் ஒன்றையொன்று மதித்தன.

அவர் சுற்றி வந்து மறுபக்கம் ஏறப் பார்த்தார். அங்கே மனைவி உட்கார்ந்திருந்தாள். பின்னால் இடமே இல்லை. பந்தயக் காரில் இருப்பது இரண்டே இருக்கை. இத்தனை தேர்வுகளுக்கு நடுவே இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வீட்டுக்குப் போறேன்," என்றாள் மனைவி, முன்னால் பார்த்தபடி. "நீங்க பஸ்ல வாங்க."

"நான் சொல்லத்தான் வாயெடுத்தேன்..." என்றார் அவர்.

"கேட்டுச்சு. இருமினீங்க."

கார் போய்விட்டது. பொத்தான்காரர் பெருஞ்சாலை வரை நடந்து போய் நிறுத்தத்தில் நின்றார். வேட்டியில் மைத்துனரின் குலச்சிவப்பு காய்ந்திருந்தது. பொழுது சாயும்வரை பஸ்ஸே வரவில்லை. வந்த ஒரு பஸ்ஸிலிருந்து கண்டக்டர் பாதி உடம்பை வெளியே நீட்டினார்.

"பெரியவரே, இது எக்ஸ்பிரஸ். எல்லா எடத்துலயும் நிக்காது. பின்னாலயே சாதா வண்டி வருது, அதுல வர்றீங்களா?"

பொத்தான்காரர் பின்னால் பார்த்தார். தூரத்தில் சாதா பஸ் ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது. அது அவர் தெருமுனையில் நிற்கும். அவருக்குத் தெரியும்.

"எதுக்கு?" என்றார். "இதுலயே வர்றேன்."

எக்ஸ்பிரஸ் நல்ல வேகம் போனது. அவருடைய தெருமுனையை அது தாண்டும்போது, வீட்டு வாசலில் சாம்பல் நிறக் கார் நிற்பதும், கை முழுக்கக் கட்டுப் போட்ட ஒருவரை மனைவி தோளில் தாங்கி இறக்குவதும் ஜன்னல் வழியே தெளிவாகத் தெரிந்தன. அவள் நிமிர்ந்து பஸ்ஸைப் பார்த்தாள். ஜன்னலில் அவர் முகத்தையும் பார்த்திருப்பாள்.

"இங்க எறங்கணுமா பெரியவரே? ஒரு வார்த்தை சொன்னா நிறுத்தச் சொல்லிடறேன்," என்றார் கண்டக்டர்.

பொத்தான்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகு வளையாமல், கழுத்துப் பொத்தான் பூட்டியபடியே நின்றார். அடுத்த ஊர் வந்தது.